ஸ்காட்லாந்துக்குக் கிளம்ப நல்ல நேரம்

அன்புள்ள சேகருக்கு,

நீ அனுப்பிய புத்தகம் போன செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. ஸ்காட்லாந்துக்கு வருகிற வெளியூர்க்காரர்களுக்காக, எந்த மாதம் எந்த ஊரில் என்ன விழா என்று படத்தோடு போட்டிருக்கும் அந்த மெல்லிய புத்தகத்தை இதற்குள் மூன்று முறை படித்துவிட்டேன். முதல் முறை வேடிக்கையாக. இரண்டாம் முறை சிவப்புப் பென்சிலோடு. மூன்றாம் முறை அட்லஸைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு. உன் அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "ரிட்டயர் ஆகி ரெண்டு வாரம்கூட ஆகல, அதுக்குள்ள யாரு பேப்பரைத் திருத்தறீங்க?" என்றாள். "ஸ்காட்லாந்துக்காரங்க பேப்பரை" என்றேன். "பாஸா?" "நூத்துக்கு நூறு போடலாம்னு இருக்கேன்." "கணக்கு வாத்தியார் நூத்துக்கு நூறு போடறார்னா உடம்பு சரியில்லைன்னு அர்த்தம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

புத்தகத்தின் முதல் பக்கத்தில், "எந்த மாதம் வேண்டுமானாலும் வாருங்கள் அப்பா" என்று எனக்கு எழுதியிருந்தாய். அதே உறைக்குள் அம்மாவுக்குத் தனியாக ஒரு தாளை மடித்து வைத்திருந்தாய். அதில் நாலே வரி. ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை, அபர்டீனுக்கு மேற்கே டீ என்கிற ஆற்றின் கரையில் ஒரு சின்ன ஊரின் விழாவில், நீ தனியாக பேக்பைப் போட்டியில் வாசிக்கப் போகிறாய். பதினொரு வருஷத்துக்குப் பிறகு இப்போதுதான் தனியாகப் பெயர் கொடுத்திருக்கிறாய். அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்பது கடைசி வரி. அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதே. இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. மூன்றாம் நாள் ரசத்தில் உப்புப் போட மறந்தாள், அப்போதே பிடித்துவிட்டேன். இந்தக் கடிதம் அந்த நாலு வரிக்காகத்தான். ஆனால் எந்தக் கணக்கையும் எளிய படியிலிருந்து தொடங்குவதுதான் என் பழக்கம் என்று உனக்குத் தெரியும். ஆகவே விழாக்களிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் எவ்வளவு குதூகலமாக இருக்கிறேன் என்பதும் உனக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

ஜனவரியை எடுத்துக்கொள். ஷெட்லாந்துத் தீவில் மாதக்கணக்கில் உட்கார்ந்து ஒரு கப்பல் கட்டுகிறார்கள். பாம்புத் தலை வைத்து, கேடயம் வரிசையாக அடித்து, வர்ணம் பூசி, அவ்வளவு அழகாக. பிறகு ஒரு நாள் மாலை ஆளுக்கொரு தீப்பந்தத்தோடு அதை ஊர்வலமாக இழுத்துப் போய்க் கொளுத்திவிடுகிறார்கள். "கஷ்டப்பட்டுக் கட்டினதை எதுக்குக் கொளுத்தணும்?" என்று அம்மா கேட்டாள். "பிள்ளையாரைப் பண்ணி, பூஜை பண்ணி, கெணத்துல போடறோமே" என்றேன். அதற்குமேல் அவளுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. உன் அபர்டீனுக்குத் தெற்கே ஸ்டோன்ஹேவனில் கம்பிவலைக்குள் நெருப்பைப் போட்டுக் கட்டி, தலைக்கு மேலே சுற்றிக்கொண்டே தெருவில் நடப்பார்களாம். படத்தைப் பார்த்ததும் கார்த்திகைக்கு மாவளி சுற்றியது ஞாபகம் வந்து எனக்குக் கை குறுகுறுத்தது. அந்த மாதமே அவர்களுடைய கவிஞர் ஒருவரின் பிறந்தநாளுக்கு நாடு முழுக்க விருந்து. ஆட்டு வயிற்றில் அடைத்து வேகவைத்த பண்டத்தைத் தட்டில் வைத்து, முன்னால் பேக்பைப் ஊதிக்கொண்டு வர, அதற்கு எதிரே நின்று ஒருவர் கவிதை சொல்கிறார். அம்மாவுக்கு இது பொறுக்கவில்லை. "சாப்பாட்டுக்குக் கவிதையா? நான் முப்பது வருஷமா சமைச்சுப் போடறேன், ஒரு வரி சொல்லியிருக்கீங்களா?" நாம் மரக்கறிக்காரர்கள், அந்த விருந்தில் உருளைக்கிழங்கையும் டர்னிப்பையும் வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நீ போன வருஷம் எழுதியிருந்ததைப் படித்துக் காட்டிச் சமாதானப்படுத்தினேன். கவிதை இன்னும் பாக்கியிருக்கிறது.

ஜூனில் தெற்கு எல்லையோரத்து ஊர்களில் குதிரையேறி ஊரின் எல்லையைச் சுற்றி வருகிறார்கள். அக்டோபரில் கேலிக் மொழிப் பாட்டுக்காகவே ஒரு வாரம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்த மொழி பேசுகிறவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், ஆனாலும் சின்னப் பிள்ளைகள் போட்டிக்காகவாவது அதில் பாடக் கற்றுக்கொள்கிறார்கள் என்று போட்டிருந்தது. தெரு மூலையில் தெப்பனேர் என்கிற பெட்டிக்கடைக்குப் பால் வாங்கப் போனால் பிரெஞ்சு, பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ், வீட்டில் தமிழ் என்று வளர்ந்தவன் நீ. அந்தப் பக்கத்தின் அருமையை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆகஸ்டில் எடின்பரோவைப் பார்! நாடகம், சங்கீதம், நடனம், கோட்டை வாசலில் ராணுவ பாண்டு வாத்தியம். சர்ச் ஹால், பள்ளிக்கூடம், இடுக்கு, சந்து எதையும் விடவில்லை. மெட்ராஸில் டிசம்பர் சீசனை ஒரே ஊரில் ஒரே தெருவில் கொட்டினதுபோல் இருக்கும் என்று நினைக்கிறேன். ஒரே சந்தேகம், கச்சேரி பாதியில் எழுந்து காண்டீனுக்குப் போகிற வழக்கம் அங்கே உண்டா என்பதுதான். விசாரித்து எழுது.

இத்தனையையும் பார்த்துவிட்டு ஒரு மாதம் மட்டும் எப்படி வருவது? ஆகஸ்டில் வந்து பிப்ரவரியில் திரும்புவதாக முடிவு செய்துவிட்டோம். உன் வீட்டில் அறை ஒன்றுதான் என்று சொல்லாதே. பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தில் லாசாலுக்கு வந்த புதிதில் நாம் மூன்று பேரும் ஒரே அறையில் ஒரு குளிர்காலத்தைக் கழித்தோம், ஒருவரும் குறைந்து போகவில்லை.

இப்போது அடுத்த படி. புத்தகத்தில் டிசம்பர் பக்கத்துக்கு வந்தபோது என் பென்சில் நின்றுவிட்டது. புது வருஷம் பிறந்ததும் வாசல்படியில் முதலில் கால் வைக்கிற ஆள் கறுப்புத் தலைமுடிக்காரனாக இருந்தால் அந்த வீட்டுக்கு வருஷம் முழுவதும் நல்லது, அவன் கையில் ஒரு கரித்துண்டு கொண்டு வந்தால் இன்னும் நல்லது என்று அதில் இருந்தது. உன் தெருவில் ஏழு வீட்டுக்காரர்கள் உன்னை முன்கூட்டியே சொல்லி வைத்துக்கொண்டார்கள், "என் முடிக்கு இவ்வளவு டிமாண்ட் இருந்ததே இல்லை" என்று நீ எழுதியபோது விழுந்து விழுந்து சிரித்தோம். இப்போது அச்சில் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த மனிதர்களும் சகுனம் பார்க்கிறவர்களா? வாசல்படியைத் தாண்டுவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறவர்களா? அப்படியென்றால் பதினொரு வருஷத்துக்கு முந்தைய அந்தச் சனிக்கிழமை கீழ்வீட்டு ஸ்காட்லாந்துக்காரர் மெக்கேயிடம் நான் உண்மையைச் சொல்லியிருக்கலாமே.

எக்ஸ்போ உலகக் கண்காட்சி இங்கே நடந்து முடிந்த மறு கோடை அது. உனக்குப் பதின்மூன்று வயது. ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த மெக்கே, பேட்டைப் பையன்களைச் சேர்த்து ஒரு பேக்பைப் குழு வைத்திருந்தார். நீயும் போய்ச் சேர்ந்தாய். குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நீ சாதகம் பண்ணும்போது வீடே அதிரும். "கல்யாண மேளம் கேக்குது, மாப்பிள்ளையைத்தான் காணோம்" என்று அம்மா சொல்வாள். எனக்கு உள்ளுக்குள் பெருமை. அந்த ஆகஸ்டில் ஊர் எல்லையில் ஒரு மைதானத்தில் ஸ்காட்டிஷ் விளையாட்டு விழா. பதினைந்து வயதுக்குட்பட்டவர்களின் தனிப் போட்டியில் உன் பெயர். பத்து மணிக்கு. மெக்கே தன் காரிலேயே நம் எல்லாரையும் அழைத்துப் போகிறேன் என்றார். எட்டே முக்காலுக்குக் கிளம்புவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பதிலிருந்து பத்தரை. எனக்கு அது வாய்ப்பாடு மாதிரி. என் தகப்பனார் அந்த ஒன்றரை மணி நேரத்தில் வீட்டை விட்டுக் கிளம்பி நான் பார்த்ததில்லை. எட்டே முக்காலுக்கு நாம் வாசலில் தயாராக நின்றோம். நீ கட்டம் போட்ட பாவாடையும் முழங்கால்வரை காலுறையுமாக, பெரிய மனிதன் மாதிரி நின்றாய். ஆனால் மெக்கேயின் கார் கிளம்பவில்லை. மூடியைத் திறந்தார், எதையோ தட்டினார், ஊதினார். அது உறுமிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது மணி ஒன்பது ஐந்து.

அதற்கு முந்தின நாளே அம்மா சொன்னாள்: "எதுக்கும் பரஸ்தானம் வெச்சுடலாம். நல்ல நேரத்துல அவன் பையைக் கீழ்வீட்டுல குடுத்துட்டா, நாளைக்கு எப்பக் கிளம்பினாலும் தோஷமில்லை." நம்மூரில் எத்தனை பயணத்துக்கு அப்படிச் செய்திருக்கிறோம்! நான்தான் வேண்டாம் என்றேன். மெக்கே ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? ஒரு கணக்கு வாத்தியார், இவ்வளவு பெரிய தேசத்துக்கு வந்து, இதையெல்லாம் பார்க்கிறார் என்று சிரிக்க மாட்டாரா? பயம் எனக்கு ராகுவிடமும் இருந்தது, மெக்கேயிடமும் இருந்தது. இரண்டு பயத்தையும் ஒரே நேரத்தில் காப்பாற்ற எனக்குக் கிடைத்தது ஒரு பொய்.

"பையனுக்கு வயிற்று வலி. நீங்கள் போங்கள். நாங்கள் பிறகு வருகிறோம்" என்றேன்.

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். "அப்பா, எனக்கு வயிறு வலிக்கல" என்றாய். இங்கிலீஷில், அவருக்கும் புரியும்படி.

"வலிக்குது" என்றேன் நான்.

மெக்கே உன்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி சார்" என்று தொப்பியைத் தொட்டுவிட்டுப் போய்விட்டார். நீ ஒன்றரை மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தாய். பத்து முப்பத்தைந்துக்குக் கிளம்பி, இரண்டு பஸ் மாறினோம். இரண்டாவது பஸ் ஓட்டுநர் உன் பாவாடையைப் பார்த்து, "பொன்ஜூர்! ஸ்காட்லாந்தில் இப்போது வெயில் அதிகமோ?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது. நாம் போய்ச் சேர்ந்தபோது பன்னிரண்டு ஆகப் போகிறது. பதிவு மேசையில் இருந்த பெண், பதினைந்துக்குட்பட்டவர்கள் எல்லாரும் வாசித்து முடித்துவிட்டார்கள் என்று சொல்லி, சட்டையில் குத்திக்கொள்ள வேண்டிய உன் நம்பர் அட்டையை மட்டும் உன் கையில் கொடுத்தாள். நீ அழவில்லை. அம்மா கட்டிக்கொண்டு வந்த புளியோதரையைத் தொடவில்லை. வரும் வழியில் ஒரே ஒரு வார்த்தை பேசினாய். "மிஸ்டர் மெக்கே நான் பயந்துட்டேன்னு நினைச்சிருப்பார்." அதற்கு நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா? "அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்." நீ குழுவோடு வாசித்தாய், ஊர்வலத்தில் வாசித்தாய், கல்லூரியில் வாசித்தாய். தனியாக ஒரு தடவைகூட மேடை ஏறவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. இதை உனக்கு நான் சொன்னதே இல்லை. இரண்டு வருஷம் கழித்து, இதே நகரத்து ரொக்ஸ்பரோவில் ஒரு வீட்டுப் பொங்கலில், கனகசபை என்ற யாழ்ப்பாணத்து இன்ஜினியரைச் சந்தித்தேன். பேச்சு பஞ்சாங்கத்தின் பக்கம் போயிற்று. அந்த ஆகஸ்ட் சனிக்கிழமை ஒன்பது ஐந்துக்குக் கார் வந்ததையும், ராகுகாலம் ஒன்பது பத்தரை என்பதையும் நான் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். "சேர், ராகுகாலம் சூரியன் உதிக்கிறதிலயிருந்துதானே கணக்கு? பகலை எட்டாப் பிரிச்சா சனிக்கு மூண்டாவது பங்கு. இஞ்ச ஆகஸ்டில பகல் எவ்வளவு நீட்டு! நீங்கள் மெட்ராஸ் நேரத்தை அப்பிடியே சூட்கேஸில வைச்சுக் கொண்டந்திட்டியள்." காகிதக் கைக்குட்டையில் கணக்கே போட்டுக் காட்டினார். அன்று சூரியோதயம் சுமார் ஐந்து நாற்பது. அஸ்தமனம் எட்டு இருபது. ஒரு பங்கு நூற்றுப்பத்து நிமிஷம். ராகுகாலம் ஒன்பது இருபதுக்குத்தான் ஆரம்பம். மெக்கே வந்து நின்ற ஒன்பது ஐந்துக்கு நாம் தாராளமாகக் கிளம்பியிருக்கலாம். நான் நல்ல நேரம் என்று கிளம்பிய பத்து முப்பத்தைந்து, நட்ட நடு ராகுகாலம். "ஓம் சேர், இன்னும் பதினைஞ்சு நிமிசம் இருந்தது" என்றார் கனகசபை. அந்தக் கைக்குட்டையை நான் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன். எத்தனை பிள்ளைகளை, "மனப்பாடம் பண்ணாதே, போட்டுப் பார்" என்று பெஞ்சில் நிற்க வைத்திருக்கிறேன்!

ஆனால் சேகர், கணக்குத் தப்பியது என் பெரிய தப்பு இல்லை. என் வகுப்பில் விடை தவறாக இருந்தாலும் வழிமுறையை எழுதியிருந்தால் நான் மார்க் போடுவேன். வழிமுறையை அழித்துவிட்டு வெறும் விடையைக் காட்டுகிற பையனுக்குத்தான் முட்டை. அன்று நான் அந்தப் பையன். "இன்ன காரணத்துக்காக நான் தயங்குகிறேன்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால், மெக்கே சிரித்திருக்கலாம், நீ சண்டை போட்டிருக்கலாம், அம்மா ஒரு யோசனை சொல்லியிருக்கலாம். நம்பிக்கை வைத்திருப்பதில் வெட்கமில்லை. அதைக் கைவிடுவதிலும் வெட்கமில்லை. மறைப்பதற்கு உன் வயிற்றைக் கடன் வாங்கினேனே, அதுதான். நாளைக்கு உனக்கென்று ஒரு குடும்பம் அமைந்து, ஊரார் முன் சொல்லக் கூசுகிற பழக்கம் ஒன்று உன்னிடம் இருந்தால், உன் பிள்ளையைத் திரையாக்கி அதன் பின்னால் ஒளிந்துகொள்ளாதே. எனக்கு உபதேசம் செய்யத் தகுதி இருக்கிற ஒரே பாடம் இதுதான், ஏனென்றால் இதில் நான் தோற்றவன்.

டிசம்பர் பக்கத்தைப் படித்த அன்று சாயங்காலம் புத்தகத்தோடு கீழே போனேன். மெக்கே இப்போது தனியாகத்தான் இருக்கிறார், முழங்கால் சரியில்லை, நாக்கு மட்டும் அப்படியே இருக்கிறது. எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்பது ஐந்திலிருந்து. கைக்குட்டையையும் காட்டினேன். அவர் அதை விரித்துப் பார்த்துவிட்டு மடித்து என்னிடமே கொடுத்தார்.

"அன்றைக்கு முந்தின நாள் நான் கொஞ்சம் குடித்திருந்தேன்" என்றார் பிறகு. "அந்த வாசனை அடித்ததால்தான் பையனை என் காரில் அனுப்பவில்லை என்று நினைத்தேன். பதினொரு வருஷமாக அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்."

பார்த்தாயா, ஒரு பொய்யை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சுமந்திருக்கிறீர்கள். நீ பயந்தவன் என்று அவர் நினைக்கவே இல்லை. "பயமா? அவனுக்கா? அந்த வயதில் அவனளவு சுத்தமாக வாசித்த பையன் என்னிடம் இல்லை" என்றார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். "என் அப்பா மீன்பிடிக்கிறவர். படகுக்குப் போகிற வழியில் பாதிரியார் எதிரே வந்தால் திரும்பி வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வார். என்னிடமா சார் வெட்கப்பட்டீர்கள்?" அதற்குள் அம்மாவும் கீழே வந்துவிட்டாள். பரஸ்தானம் என்றால் என்ன என்று அவளே விளக்கினாள், கைப்பையை எடுத்து அவருடைய மேசையில் வைத்துச் செய்முறையோடு. மனிதர் அசந்துபோனார். "இது தெரிந்திருந்தால் என் அப்பா இன்னும் எவ்வளவு மீன் பிடித்திருப்பார்!"

ஆகவே ஏற்பாடு இது. ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை இங்கே மிராபெல் விமான நிலையத்திலிருந்து விமானம், மறுநாள் காலை ஸ்காட்லாந்தில் பிரெஸ்ட்விக்கில் இறங்குகிறோம். மெக்கேயின் அண்ணன் மகன் எங்களைக் காரில் மிராபெலுக்குக் கொண்டுபோய் விடுகிறான். வழியனுப்ப மெக்கேயும் கூட வருவேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார். வீட்டிலிருந்து மாலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். ஞாயிறு ராகுகாலம் நாலரை ஆறு. நேற்று அம்மா என்னை ஓரக்கண்ணால் பார்த்து, "கனகசபை சொன்ன மாதிரி இந்த ஊர் நேரத்துக்குக் கணக்குப் போட்டுப் பாத்தீங்களா?" என்றாள்.

"இல்லை."

"போட்டா நல்ல நேரமாவே இருக்கலாம்."

"இருக்கலாம். போடப் போறதில்லை."

அவள் சமையலறைக்குப் போய்விட்டாள். ஆனால் பெரிய சூட்கேஸ் ஒன்றை முதல் நாளே கீழ்வீட்டில் வைப்பதாக மெக்கேயோடு பேசி முடித்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும். அது அவர்கள் இருவருக்கும் இடையிலான விஷயம். நான் தலையிடவில்லை. அந்தச் சூட்கேஸின் மேல் பையில், மைதானத்தில் கொடுத்த உன் நம்பர் அட்டை இருக்கிறது. அம்மா இத்தனை வருஷமும் அதைப் புடவைகளுக்கு நடுவில் வைத்திருந்தாள்.

இனி நீ சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. நான் அந்த மைதானத்துக்கு வரலாமா? வேண்டாம் என்று தோன்றினால் தயங்காமல் எழுது. தபாலுக்குப் போதுமான நாள் இருக்கிறது. காரணம் கேட்க மாட்டேன். அம்மாவை உன்னோடு அனுப்பிவிட்டு, ஆற்றங்கரையில் புத்தகத்தோடு உட்கார்ந்து அக்டோபர் பக்கத்தைப் படித்துக்கொண்டிருப்பேன். காற்று இந்தப் பக்கம் வீசினால் கேட்டுக்கொள்வேன். எழுதாவிட்டால் வரலாம் என்று எடுத்துக்கொள்வேன். உன் முறை எத்தனை மணிக்கு இருந்தாலும், எட்டு மணிக்கே வேலிக்குப் பின்னால் நிற்பேன். நீ என் பக்கம் பார்க்க வேண்டிய அவசியமில்லை.

மேடை ஏறுவதற்கு முன் வயிற்றைப் பிசையும். அது பயமில்லை, எல்லா நல்ல வாசிப்பாளர்களுக்கும் வருவது என்று மெக்கே சொல்லச் சொன்னார். எனக்கு அது இப்போதே ஆரம்பித்துவிட்டது. இந்த முறை நிஜமான வயிற்று வலி, சேகர். பொய்யில்லை.

உன்
அப்பா